பிள்ளையின் அச்சமும் பெற்றோரின் பங்கும்

அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அது பிறக்கும் இடங்களையும் அவர் நான்காக வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறைவனாகிய அரசன் என்னும் நான்குமே அவை. வளர்ந்தவர்களின் உலகத்துக்கு இந்த வகுப்பு பெரும்பாலும் போதுமானதே. ஆனால் நான்கு வயதுக் குழந்தை ஒன்றுக்குத் தன் மனத்தைச் சொல்லத் தெரியுமானால், அது ஐந்தாவதாக ஒன்றைக் கட்டாயம் சேர்த்திருக்கும். தாயைப் பிரிதலே அந்த ஐந்தாவது அச்சம். ஏனைய நான்கு அச்சங்களும் தாயின் மடியில் அடங்கிவிடும். அந்த மடியே இல்லாமற் போய்விடுமோ என்னும் அச்சத்துக்கு எங்கே போய் ஒளிவது?

குழந்தைகளின் அச்சத்தை மனித குலம் எவ்வாறு புரிந்துகொண்டது, அதை ஆற்றுவதில் பெற்றோருக்கு எந்த இடத்தைத் தந்தது என்னும் வரலாற்றை இன்று சுருக்கமாகக் காண்போம். அந்த வரலாற்றை மூன்று காலங்களாகப் பிரிக்கலாம். முதற்காலத்தில் பெற்றோர் விலக்கி வைக்கப்பட்டனர். இரண்டாவது காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். மூன்றாவது காலத்தில்தான் அவர்கள் மருத்துவரின் துணைவர்களாக ஏற்கப்பட்டனர். முதற்காலத்தின் சுவடுகளைத் தேடி நாம் தொலை தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் நீலகிரி மலையிலேயே அவை கிடக்கின்றன.

1819-ஆம் ஆண்டு கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் நீலகிரியின் மேட்டு நிலத்தை அடைந்தார். அதன்பின் உதகமண்டலம் ஆங்கிலேயரின் கோடை வாசத்தலமாக வளர்ந்த கதை யாவரும் அறிந்ததே. அந்த வளர்ச்சிக்குக் குழந்தைகளும் ஒரு காரணமாக இருந்தார்கள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தியச் சமவெளியின் வெப்பத்தில் வெள்ளையர் குழந்தைகள் ஐந்தாறு வயதுக்கு மேல் வளர்ந்தால் உடல் நலமும் குணமும் கெடும் என்று அக்காலத்து ஐரோப்பியர் உறுதியாக நம்பினர். வசதி படைத்தோர் பிள்ளைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினர். அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர்தாம் ருட்யார்டு கிப்ளிங். 1865-இல் பம்பாயில் பிறந்த அவர், 1871-இல் தம் தங்கையோடு இங்கிலாந்தின் சௌத்சீ நகரில் அன்னியர் வீடொன்றில் விடப்பட்டார். அங்கே பட்ட துயரத்தை அவர் பிற்காலத்தில் எழுதியே ஆற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

கப்பற் கட்டணத்துக்கு வழியில்லாதவர்களுக்கு மலை கைகொடுத்தது. சர் ஹென்றி லாரன்ஸ் என்பவர் 1857-இல் லட்சுமணபுரியில் உயிர் துறந்தவர். அவர் நினைவாக 1858-இல், வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்குமாக உதகையில் லாரன்ஸ் அசைலம் தொடங்கப்பட்டது. பின்னர் அது லவ்டேலுக்குப் பெயர்ந்தது. இன்று லாரன்ஸ் பள்ளி என்று புகழ் பெற்று விளங்குவது அதுவே. ‘அசைலம்’ என்ற அச்சொல்லைச் சற்றே கவனியுங்கள். அடைக்கலம் என்பது அதன் பொருள். அனாதைக் குழந்தைகளின் இல்லத்துக்கு வழங்கிய அதே பெயர்தான், 1871-இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட மனநோயாளர் விடுதிக்கும் வழங்கியது. துன்புறுவோரை வீட்டிலிருந்தும் உறவிலிருந்தும் பிரித்து, மதிலுக்குள் வைத்துக் காப்பதே கருணை என்று அந்நூற்றாண்டு கருதியது. இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்ததில் வியப்பில்லை.

1899-ஆம் ஆண்டு மலை இரயில் குன்னூரை எட்டிற்று. அதே ஆண்டில், சமவெளியில் ஊழியம் செய்த மிஷனரிமாரின் குழந்தைகளுக்காக எப்ரோன் பள்ளி குன்னூரில் நிறுவப்பட்டது. பல்சக்கர இரயிலில் பிள்ளைகள் மலையேறியதும், பெற்றோர் அடிவாரத்து ஊர்களில் தம் பணிக்குத் திரும்பியதும் ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாயின. இப்பள்ளிகளில் நல்ல கல்வி கிடைத்தது. நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். அங்கே பயின்றோர் பலர் அவற்றை நன்றியோடு நினைவுகூர்வர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரவில் தலையணையை நனைத்த சிறுவனின் அழுகைக்கு அக்காலத்து நூல்களில் நோய் என்ற பெயரும் இல்லை, மருந்தும் இல்லை. ‘நாளடைவில் சரியாகிவிடும்’ என்ற ஒரே வாக்கியம்தான் இருந்தது. சிலருக்குச் சரியாயிற்று. சிலருக்கு அது உள்ளே புதைந்தது.

பிரிவு துரைமார் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய் விடியற்காலையில் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டாக வேண்டும். அவள் குழந்தையை யார் பார்ப்பது? மூத்த பெண்பிள்ளையே பள்ளியை மறந்து தம்பியைச் சுமந்த காலம் நெடுங்காலம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் பெண்கள் வேலை செய்த தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. அது பேருதவியே. ஆயினும் அதன் நோக்கம் குழந்தையின் உடலைக் காப்பதோடு நின்றது. பாலுக்கும் உணவுக்கும் விதி எழுதியவர்கள் பயத்துக்கு விதி எழுதவில்லை.

இன்னும் பெரிய பிரிவொன்றும் இம்மலைக்கு வந்து சேர்ந்தது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியே வந்தவர்களுள் பல்லாயிரவர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்கு வேலை தரும்பொருட்டு 1968-இல் அரசு இங்கே தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று பிரிந்த கதைகள் அம்மக்களிடையே எண்ணற்றவை. பாட்டியைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்த பேரப்பிள்ளையின் அச்சத்தை எந்த ஒப்பந்தமும் தன் கணக்கில் எழுதவில்லை.

இனி இரண்டாவது காலத்துக்கு வருவோம். குழந்தையின் அச்சத்தை ஆராயத்தக்க பொருளாக மேலைநாட்டு அறிஞர் கருதத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1909-இல் வியன்னா நகரத்து சிக்மண்ட் பிராய்டு, குதிரையைக் கண்டு அஞ்சிய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அச்சிறுவனுக்குச் சிகிச்சை நடந்த காலத்தில் பிராய்டு அவனை ஒரே ஒரு முறைதான் நேரிற் கண்டார். சிகிச்சை முழுவதும் தந்தையின் மூலமாகவே நடைபெற்றது. பிராய்டின் விளக்கங்களை இன்று பலர் ஏற்பதில்லை. ஆனால் மருத்துவர் வழிகாட்ட, தந்தை செயற்படுத்தினார் என்ற அந்த ஏற்பாடு, பல பத்தாண்டுகளுக்குப் பின் வரப்போகும் ஒன்றின் முன்னறிவிப்புப் போல் அமைந்தது.

1920-இல் அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்பவர் நேர்மாறான ஒன்றைச் செய்தார். பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்புறத்தில் பேரொலி எழுப்பி, எலியைக் கண்டாலே அது அலறும்படி செய்தார். அச்சம் கற்றுக்கொள்ளப்படுவது என்பதை அவர் நிறுவ முயன்ற முறை கொடியது. இன்று எந்த நாடும் அதற்கு இடந்தராது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1924-இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்னும் சிறுவனுக்கு, அவன் விரும்பும் உணவைக் கொடுத்துக்கொண்டே முயலை நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். அஞ்சாத பிள்ளைகள் முயலோடு விளையாடுவதையும் அவனுக்குக் காட்டினார். இறுதியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். கற்றுக்கொண்ட அச்சத்தைக் கற்று மறக்கவும் முடியும் என்ற உண்மை அன்று வெளிப்பட்டது.

இதற்கிடையே பிரிவின் துயரம் பற்றிய ஆய்வும் முன்னேறிற்று. ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில், தாயன்பு சிறு குழந்தைக்கு உணவைப் போன்றே இன்றியமையாதது என்ற கருத்தை வலியுறுத்தினார். 1952-இல் அவருடைய உடன்பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்துக் காட்டினார். அக்காலத்து ஆங்கிலேய மருத்துவமனைகள் பெற்றோரைக் குறித்த சில வேளைகளில் மட்டுமே உள்ளே விட்டன. அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று 1959-இல் பிளாட் குழு பரிந்துரை செய்தது.

ஆனால் இக்கண்டுபிடிப்புக்கு நிழல் ஒன்றும் இருந்தது. தாய் அவ்வளவு முக்கியமானவள் என்றால், பிள்ளைக்கு வரும் கேட்டுக்கும் அவளே காரணம் என்று சிலர் துணிந்தனர். பிள்ளையின் மனநோய்க்குத் தாயின் குணமே வித்து என்ற பொருள்பட, 1948-இல் பிரீடா ஃப்ராம்-ரைக்மன் என்பவர் ஒரு சொல்லையே ஆக்கினார். பல ஆண்டுகள் அச்சொல் மேலைநாட்டுத் தாய்மாரைச் சுட்டது. ஆய்வுகள் அதைப் பின்னர் பொய்யாக்கின. எனினும் மருத்துவரிடம் குழந்தையை அழைத்துச் செல்லும் தாய், ‘என்மேல் பழி வருமோ’ என்று இன்றும் கூசி நிற்பது அந்தக் காலத்தின் மிச்சமே.

மூன்றாவது காலத்தின் விடியல் நம் நாட்டில் தெரிந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. பிரிவினைக்குப் பின் லாகூர் மனநோய் மருத்துவமனையிலிருந்து அமிர்தசரசுக்கு நோயாளிகள் மாற்றப்பட்டனர். அங்கே பொறுப்பேற்ற டாக்டர் வித்யா சாகர், 1950-களின் தொடக்கத்தில், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் உறவினரை அவர்களோடு தங்கச் செய்தார். நோய் எவ்வாறு வந்தது, எவ்வாறு தணிகிறது என்பதை உறவினர் கண்முன் கண்டனர். தெய்வக் குற்றம், பேய்க் கோளாறு என்ற அச்சம் அவர்களை விட்டு அகன்றது. இடநெருக்கடியும் பணியாளர் பற்றாக்குறையும் ஏவிய ஏற்பாடு அது எனலாம். ஆயினும் நெருக்கடியிலே பிறந்த அந்த வழி, வளம் மிக்க நாடுகளும் பின்னர் வியந்து நோக்கிய வழியாயிற்று.

தமிழகத்தில் அந்த வழி வேலூரில் வேரூன்றியது. கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கியது. கனடா நாட்டு மருத்துவர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் அதன் தொடக்கத்துக்குக் காரணராய் இருந்தவர். நோயாளியோடு குடும்பத்தாரில் ஒருவராவது உடன் தங்க வேண்டும் என்பது அங்கே நெறியாயிற்று. குழந்தைகளுக்கான பிரிவிலும் அதுவே நெறி. சமைப்பதும், துணி துவைப்பதும், பிள்ளையை விளையாட வைப்பதும் தாயின் வேலையாக நீடிக்கும். மருத்துவர் காண்பதும் கற்பிப்பதும் அந்த அன்றாட வாழ்வின் நடுவிலேயே நிகழும். குடும்பத்தைக் குற்றஞ்சாட்டிய மேலைநாட்டுக் கோட்பாடு வலுவாக இருந்த அதே ஆண்டுகளில், குடும்பத்துக்குப் பணி கொடுத்தது இந்த நெறி.

நேயர்களே, இந்த இரண்டு நீரோடைகளும் பிற்காலத்தில் கலந்தன. மேரி கவர் ஜோன்ஸ் தொடங்கிய படிப்படியாக அஞ்சாமை பழக்கும் முறையோடு, 1960-களில் ஆரன் பெக் வகுத்த எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் முறை சேர்ந்தது. அறிதல்–நடத்தைச் சிகிச்சை என்று இன்று வழங்குவது அதுவே. பிலடெல்பியாவில் பிலிப் கெண்டல் அதைக் குழந்தைகளுக்கேற்ப அமைத்து, 47 குழந்தைகளிடம் சோதித்து, 1994-இல் முடிவை வெளியிட்டார். 1996-இல் ஆஸ்திரேலியாவில் பாலா பாரெட், மார்க் டாட்ஸ், ரொனால்டு ரேப்பி என்னும் மூவர் இன்னோர் அடி எடுத்து வைத்தனர். 7 முதல் 14 வயது வரையுள்ள 79 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தனியே சிகிச்சை தந்தனர்; மற்றொரு பகுதியினருக்குப் பெற்றோரையும் பயிற்றுவித்தனர்; எஞ்சியோர் முறைக்காகக் காத்திருந்தனர். சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, தனியே சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 70 பேரும், பெற்றோரோடு பெற்றவருள் நூற்றுக்கு 95 பேருக்கு மேலும் நோயின் எல்லையைக் கடந்திருந்தனர்.

அந்தப் பெற்றோர் கற்றது என்ன? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். குன்னூரில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிக்குப் போக மறுக்கிறாள் என்று கொள்வோம். காலையில் வயிற்றுவலி, வீட்டிலே நின்றுவிட்டால் வலி மறைகிறது. ‘நான் போனபின் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும்’ என்பதே அவள் உள்ளத்து எண்ணம். அடித்து அனுப்பினால் அச்சம் மிகும். இரங்கி நிறுத்திக்கொண்டால், அச்சம் சொன்னது உண்மையே என்று அவள் நம்பிவிடுவாள். இந்த இரண்டாவது தவறு அன்பினால் நிகழ்வது. ஆதலால் கண்டுகொள்வது கடினம். மருத்துவர் சிறுமிக்குத் தன் எண்ணத்தைச் சோதிக்கக் கற்பிக்கிறார். பிறகு அச்சத்துக்கு ஓர் ஏணி கட்டுகிறார்கள். முதற்படி பள்ளி வாயில்வரை தாயோடு நடத்தல், அடுத்தது வகுப்பில் ஒரு மணி, அடுத்தது நண்பகல்வரை. ஏறிய ஒவ்வொரு படிக்கும் பாராட்டு. தாயோ, வாயிலில் தயங்கி நின்று பத்து முறை திரும்பிப் பார்க்காமல், மலர்ந்த முகத்தோடு ஒருமுறை விடைபெறப் பழகுகிறாள். தன் அச்சத்தைப் பிள்ளை தன் முகத்திலே படிக்கிறது என்பதை அவள் உணர்ந்து, முதலில் தன்னையே ஆற்றிக்கொள்ளக் கற்கிறாள்.

மலைநாட்டுக்கென ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அந்திநேரத் தோட்டப் பாதையில் யானை நிற்பது கற்பனையன்று. 2009 நவம்பர்ப் பெருமழையில் நீலகிரியின் மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தன. அங்கே வாழும் பிள்ளை யானைக்கும் அடைமழைக்கும் அஞ்சுவது நோயன்று, அது அறிவு. அதை நீக்க முயலும் சிகிச்சை தீங்கே செய்யும். வேனிற்காலத்து நண்பகலிலும், கதவடைத்த வீட்டினுள்ளும் அந்த அச்சம் பிள்ளையின் உணவையும் உறக்கத்தையும் கல்வியையும் தின்னத் தொடங்கினால், அப்போதே அது மருத்துவரிடம் செல்லவேண்டிய அச்சம். இந்த எல்லையைத் தொலைவிலிருந்து வரும் வல்லுநரைவிட, அதே பாதையில் நாளும் நடக்கும் பெற்றோரே நன்கறிவர். குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட வலிய காரணம் வேண்டியதில்லை.

வரலாற்றில் நேர்மை வேண்டுமாதலால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆஸ்திரேலியக் குழந்தைகளை ஆறாண்டு கழித்து மீண்டும் கண்டபோது, 2001-இல் வெளியான முடிவின்படி, இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவு நலமாக இருந்தனர். பெற்றோரைச் சேர்த்ததனால் வந்த மேன்மை காலப்போக்கில் சமனாகிவிட்டது. ஆகவே குடும்பம் சேர்ந்தால்தான் குணமாகும் என்று கட்டளையிட நமக்கு உரிமையில்லை. தாயும் தந்தையும் அற்ற பிள்ளைக்கும் வழி உண்டு. மறுபுறம், 2020-இல் யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் வெளியிட்ட ஆய்வோ, பிள்ளையைப் பாராமல் பெற்றோரை மட்டும் பயிற்றுவித்தே, பிள்ளைக்கு நேரே அளிக்கும் சிகிச்சைக்குக் குறையாத பயனைக் கண்டது. பேச மறுக்கும் பிள்ளைக்கும், மருத்துவரிடம் வர மறுக்கும் பிள்ளைக்கும் இது ஒரு கதவைத் திறக்கிறது.

அமிர்தசரசின் கூடாரத்திலும் வேலூரின் குடும்ப அறையிலும் தொடங்கிய நெறி இன்று நாட்டின் சட்டமாகவும் ஆகியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநல நிலையத்தில் சேர்க்கப்படும் சிறாரோடு அவருடைய பிரதிநிதியோ அவர் அமர்த்தும் துணையோ எப்போதும் உடன் தங்க வேண்டும். மதிலுக்குள் பிள்ளையைத் தனியே விடுவதே கருணை என்று நினைத்த நூற்றாண்டுக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தை இந்த ஒரு விதி அளந்து காட்டும்.

ஆனால் சட்டம் மலையேறி ஒவ்வொரு வரிசை வீட்டின் கதவையும் தட்டாது; மனிதர்தாம் தட்ட வேண்டும். அதற்கும் இம்மலையில் முன்மாதிரி உண்டு. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கத்தின் தொழிலாளர் நலத்திட்டம் 1971 முதல் தொழிலாளர்களிடையிருந்தே இணைப்புப் பணியாளர்களைத் தேர்ந்து பயிற்றுவித்தது. கூடலூரில் ஆதிவாசி மக்களுக்கென எழுந்த மருத்துவமனை, அம்மக்களிடையிருந்தே சுகாதாரப் பணியாளரை உருவாக்கியது. கர்ப்பிணியின் உடல்நலத்தையும் குழந்தையின் எடையையும் கேட்டறிந்த அத்தகைய கைகள், பிள்ளையின் உறக்கத்தையும் பள்ளி வருகையையும் கேட்டறியப் பழகுவது பெரிய காரியமன்று. 2022 முதல் நாடெங்கும் 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனையும் கிடைக்கிறது.

வீட்டிலே நாம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. சோறூட்டப் பூச்சாண்டியை அழைப்பது நம் வீடுகளில் நெடுங்காலப் பழக்கம். பிள்ளை அந்நேரத்துக்கு வாய் திறக்கலாம். ஆனால் இருட்டிலே யாரோ இருக்கிறார் என்பதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. அந்த விருந்தாளியை இனி அழைக்காதிருப்போம். பிள்ளை இருட்டறைக்கு அஞ்சினால், விளக்கை ஏற்றிவிட்டு நாமே போய் வருவதும் வேண்டாம். கோழை என்று நகைப்பதும் வேண்டாம். கையைப் பற்றிக்கொண்டு வாசற்படிவரை உடன் செல்வோம். நாளை ஓரடி குறைத்துச் செல்வோம். ஒருநாள் அது தானே உள்ளே போய், தன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும்.